ஏரிக்கரை எலிப் பிடிப்புக்கும் வெள்ள காலத்திற்கும் ஏற்ற சிறு படகு

ஏரிப் பாசனத்தை நம்பிய ஊர்களுக்கு ஏரிக்கரையே அரண் என்பது யாவரும் அறிந்த விஷயம். அக்கரைக்குப் பகையாவன இரண்டு: ஒன்று, கரையின் வயிற்றைக் குடைந்து வளை பறிக்கும் எலியும் பெருச்சாளியும், மற்றொன்று, ஐப்பசி கார்த்திகை மாதங்களில் ஒரே இரவிற் பெருகிவரும் வெள்ளம். இவ்விரண்டையும் எதிர்கொள்ளக் கரையின்மேல் நடந்து செல்லும் மனிதனால் மட்டும் முடிவதில்லை. கரையின் நீர்ப்புறத்தை அணுகுவதற்கும், வெள்ளம் சூழ்ந்த வீட்டிலிருந்து முதியோரையும் குழந்தைகளையும் கொண்டுவருவதற்கும் ஒரு சிறு படகு அவசியம். ஊருக்கு ஒரு படகு வாங்க முற்படுவோர் பெரும்பாலும் விலையையோ தோற்றத்தையோ பார்த்து வாங்கிவிட்டு, அது தங்கள் நீருக்கும் வேலைக்கும் பொருந்தாமையைப் பின்னரே உணருகின்றனர். ஆதலின், படகைத் தெரிந்தெடுக்கும் முறை இங்கே விவரிக்கப்படுகின்றது.

பிறநாட்டார் வழக்கம்

கானடா தேசத்தில் மென்மயிருக்காக நீர்வாழ் பிராணிகளைப் பொறிவைத்துப் பிடிப்போர் நெடுங்காலமாகச் சிறு படகுகளையே ஆண்டுவந்தனர். அத்தேசத்து மென்மயிர் வியாபாரத்திற்கென 1670-ஆம் ஆண்டில் ஹட்சன் விரிகுடாக் கம்பெனி அரச சாசனம் பெற்றது. அங்கே ஓராற்றிலிருந்து மற்றோராற்றுக்குத் தரைவழியே படகைச் சுமந்து செல்ல வேண்டியிருந்தமையால், பூர்ச்ச மரப்பட்டையால் ஆன இலேசான ஓடம் விரும்பப்பட்டது. சேறும் நாணலும் மிகுந்த ஆழமற்ற ஓடைகளிற் பொறிவைப்போருக்கோ தட்டையான அடியுடைய படகே உகந்ததாயிற்று. ஒரே தொழிலாயினும் நீர் வேறுபட்ட இடத்துப் படகும் வேறுபட்டது. நம்மவர் மேற்கொள்ளத்தக்க பாடம் இதுவே: முதலில் நீரைப் பார்த்தல் வேண்டும், பின்னர் வேலையைப் பார்த்தல் வேண்டும், அதன் பின்னரே படகைப் பார்த்தல் வேண்டும்.

பிராணிகளைப் பிடிக்கும் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நம் ஆறுகளில் வாழும் நீர்நாய் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தினாற் காக்கப்பட்டது. அது மீனைத் தின்கின்றது என்பதற்காகப் பொறி வைத்தலும் கொல்லுதலும் குற்றமாகும். கரையில் வைக்கும் பொறி எலிக்கு மட்டும் உரிய அளவினதாய் இருத்தல் வேண்டும்.

இரும்புலியூர்ப் பகுதியின் நீர்நிலைகள்

இரும்புலியூர் இன்று தாம்பரம் மாநகராட்சியினுள் அடங்கிய ஊர். அதன் ஏரியும் அடுத்துள்ள பீர்க்கன்காரணை ஏரியும் பெருஞ்சாலையின் அருகே அமைந்தவை. இவற்றுக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக அடையாறு ஓடுகின்றது. ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் மிகுதிநீர் அவ்வாற்றிற் சேர்கின்றது. ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளமே உடைய அடையாறு, கோடையிற் சிறு வாய்க்காலாய்த் தோன்றினும், பல ஏரிகளின் கலங்கல்கள் ஒரே காலத்தில் வழியும்போது தன் கரைகளுக்குள் அடங்குவதில்லை.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி காலை முதல் மறுநாட் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அதற்கு முன், நவம்பர் மாத மழையிலேயே ஏரிகள் நிறைந்திருந்தமையால், பெய்த நீருக்குத் தங்குமிடம் இல்லாது போயிற்று. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் நீரில் அமிழ்ந்தன. கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் படகுகளுடன் வந்து சென்னையிலும் புறநகரிலும் மக்களை மீட்டனர். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கேரள வெள்ளத்திலும் மீனவர்கள் லாரிகளிற் படகுகளை ஏற்றிச்சென்று பல்லாயிரவரைக் காத்தனர். அவர்கள் செய்த உதவி என்றும் போற்றத்தக்கது. ஆயினும் கடலிலிருந்து படகு வந்து சேரும்வரை நீர் காத்திருப்பதில்லை. முதற் சில மணி நேரத்திற்கு ஊரில் உள்ள படகே துணை.

இப்பகுதி நீரின் இயல்புகளைத் தொகுத்துக் கூறின் அவையாவன: ஆழம் பெரும்பாலும் குறைவு, ஆகாயத்தாமரையும் கோரையும் சம்பும் மிகுதி, கரையோரங்களிற் சீமைக்கருவேல முட்கள், வெள்ள காலத்தில் நீருக்கடியிற் சுற்றுச்சுவர்கள், வேலிக் கம்பிகள், மூடியில்லாத கிணறுகள், தெருக்களின் திருப்பங்கள் குறுகலானவை. கடலலைக்கெனச் செய்த படகு இவ்விடத்திற்கு ஏற்காமை இதனால் விளங்கும்.

கரையில் எலி செய்யும் தீங்கு

அறுவடைக்குப் பின் வயலில் இரை குறையவும், மழையினால் வரப்புகள் நீரில் மூழ்கவும், எலிகள் மேடான இடத்தை நாடி ஏரிக்கரையை அடைகின்றன. நீர் ஏற ஏற அவை கரையின் மேற்பகுதியில் புதிய வளை பறிக்கின்றன. கரையின் உட்புறத்துத் தோன்றிய வளையொன்று வெளிப்புறம்வரை ஊடுருவிவிட்டால், ஏரி நிறைந்த நாளில் அதுவே நீர் வழியாகும். தொடக்கத்தில் விரல் அளவாய்க் கசியும் நீர் மண்ணை அரித்துக்கொண்டு சென்று, சில மணி நேரத்திற் கரையையே உடைத்துவிடக் கூடும். முன்னாளில் அவ்வுடைப்பினாற் பயிர் மட்டும் அழிந்தது. ஆயக்கட்டு நிலங்கள் வீட்டு மனைகளாய் மாறிய இந்நாளில், கரைக்குக் கீழே மக்கள் உறங்குகின்றனர்.

கசிவு கண்டவுடன் வெளிப்புறத்துத் துளையில் மண்ணைத் திணிப்பது பலர் செய்யும் பிழை. உள்ளிருந்து வரும் நீர் அம்மண்ணைத் தள்ளிவிடும்; அல்லது பக்கத்தில் வேறு வழி தேடும். நீர் புகும் வாயை உட்புறத்திற் கண்டு, களிமண் நிறைத்த சாக்குகளை அங்கே இறக்கி அடைத்தலே முறை. வெளிப்புறத்துத் துளையைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாய் அடுக்கினால், உள்ளே தேங்கும் நீர் எதிரழுத்தம் தந்து அரிப்பைக் குறைக்கும். உட்புற வேலை நிறைந்த ஏரியினுள் நடைபெற வேண்டுவது. ஆகையால் படகின்றி அது நன்கு நிறைவேறாது.

எனினும், துளை உண்டாகுமுன் எலியைப் பிடித்தலே சிறந்தது. மாலையில் எல்லா வளைகளின் வாய்களையும் ஈர மண்ணால் மூடிவைத்து, மறுநாட் காலையிற் பார்த்தல் வேண்டும். திறந்திருக்கும் வளைகளிலேயே எலி உண்டு. அவ்வளைகளின் வாயருகே தஞ்சாவூர்க் கிட்டியை வைக்கலாம். மூங்கிலை வில்லாய் வளைத்துச் செய்யும் இக்கிட்டி, விலை குறைந்தது, உள்ளூரிலேயே செய்யத்தக்கது. ஏரிக்கரையில் நஞ்சு வைத்தல் தகாது. அந்நீரை மாடும் பறவையும் மீனும் பயன்கொள்ளுகின்றன. செங்கற்பட்டு, காஞ்சிபுரம் ஜில்லாக்களில் வாழும் இருளர்கள் எலி பிடித்தலிற் கைதேர்ந்தவர்கள். அவர்களைக் கூலி கொடுத்து அமர்த்துதல் நலம். ஆனால் கரையை வெட்டி எலி எடுத்தபின், அக்குழியைக் களிமண்ணால் அரையடிக்கு ஒரு படையாக இட்டு இடித்து இறுக்குதல் வேண்டும். 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய ஏரிகள் நீர்வள இலாகாவையும், அதற்குட்பட்டவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தையும் சார்ந்தவை. உரியவர் அனுமதியின்றிக் கரையை வெட்டலாகாது.

எலிப் பிடிப்பில் இறங்கி நடவாமல் படகிலிருந்து வேலை செய்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காலிலுள்ள புண் வழியாக உடலிற் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். கேரளத்தில் 2018-ஆம் ஆண்டு வெள்ளம் வடிந்த பின் இந்நோய் பரவியது. கையுறையும் முழங்கால்வரை உயர்ந்த ரப்பர்ச் செருப்பும் அணிதல் வேண்டும். வெள்ளநீரில் உழைத்தோர் காய்ச்சல் கண்டால் தாமதியாது மருத்துவரை அணுகுதல் அவசியம்.

படகு வகைகள்

தெப்பம். வாழைத்தண்டு, மூங்கில், வெற்றுப் பீப்பாய் முதலியவற்றைக் கட்டிச் செய்வது. செலவு மிகக் குறைவு. அசைவற்ற நீரில் அவசரத்திற்கு உதவும். நீரோட்டத்தில் திருப்ப இயலாது. கட்டு அவிழின் அபாயம்.

கட்டுமரம். மரங்களை இணைத்துக் கட்டியது, மூழ்குவதில்லை. பழகிய மீனவர் கையில் கடலிலும் அஞ்சாது செல்லும். ஆயினும் ஏறுவோர் நனைவர், பிடித்துக்கொள்ள விளிம்பில்லை. முதியோர், நோயாளிகள், குழந்தைகள் ஆகியோரை ஏற்றுதற்குப் பொருந்தாது.

பரிசல். காவிரிக் கரையிலும் ஒகேனக்கல்லிலும் வழங்குவது. மூங்கிற் பிளாச்சுகளைக் கூடையாய்ப் பின்னி, முன்னாளில் தோலும் இந்நாளில் பிளாஸ்டிக் தாளும் தாரும் கொண்டு மூடுவர். ஒருவரே தலையிற் சுமந்து செல்லும் இலேசு. மிகக் குறைந்த நீரிலும் மிதக்கும். பழுதை எளிதில் ஒட்டலாம். இதன் குறைகள் மூன்று: பழகாதவன் கையில் ஓரிடத்தே சுழலும், ஒருவர் விளிம்பில் சாய்ந்து கரையில் வேலை செய்தால் அப்பக்கமே சரியும், கருவேல முள்ளும் வேலிக் கம்பியும் தாளைக் கிழித்துவிடும். முள்ளில்லாத திறந்த நீருக்கு இது நன்று.

மரப் பலகைத் தோணி. உறுதியும் நீண்ட ஆயுளும் உடையது. ஆனால் எடை மிகுதி. ஆண்டில் பத்து மாதம் வெயிலிற் கிடக்கும் தோணி பலகை காய்ந்து பிளந்து, தேவைப்படும் நாளில் ஒழுகும். ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் ஊருக்கே ஏற்றது.

காற்றடைத்த ரப்பர்ப் படகு. தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் ஆளுவது. மடித்து எடுத்துச் செல்லலாம். பல அறைகள் உள்ளமையால் ஓரறை கிழியினும் உடனே மூழ்காது. எனினும் முள் மிகுந்த இடத்தில் இதனைக் காப்பது கடினம். காற்றுப்பையும் அடைப்புவாயும் ஆண்டுதோறும் சோதிக்கப்பட வேண்டும். பயிற்சி பெற்ற படைக்கு உரியது.

கண்ணாடி நாரிழையாற் செய்த தட்டையடிப் படகு. முள்ளுக்கு அஞ்சாது, வெயிலிற் பிளவாது, அரையடி நீரிலும் செல்லும், விளிம்பில் ஒருவர் சாய்ந்து வேலை செய்யினும் எளிதிற் கவிழாது. சுவரில் மோதினால் விரிசல் உண்டாதலும், பெருங்காற்றில் பக்கவாட்டில் தள்ளப்படுதலும் இதன் குறைகள். விரிசலை நாரிழைத் துணியும் பசையும் கொண்டு உள்ளூரிலேயே சீர்ப்படுத்தலாம். இரும்புலியூர்ப் பகுதி போன்ற ஆழமற்ற, முள்ளும் களையும் மிகுந்த நீருக்கு இவ்வகையே மிகவும் பொருந்தும்.

சுமையைக் கணக்கிடும் முறை

விற்போர் கூறும் ஆட்கணக்கை அப்படியே ஏற்றல் கூடாது. எளிய கணக்கினால் தாமே அறியலாம். ஒரு கன அடி நீர் ஏறத்தாழ 28 கிலோ எடை உள்ளது. படகு எத்தனை கன அடி நீரை விலக்குகின்றதோ, அத்தனை 28 கிலோவை அது தாங்கும்.

12 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள தட்டையடிப் படகின் பரப்பு 48 சதுர அடி. முனைகள் குறுகுவதால் முக்கால் பங்கு, அதாவது 36 சதுர அடி எனக் கொள்ளலாம். அப்படகு ஓரங்குலம் அமிழும்போது 3 கன அடி நீரை விலக்கும்; எனவே அங்குலத்திற்கு ஏறத்தாழ 85 கிலோ தாங்கும். படகின் எடை 120 கிலோ, கருவிகள் 20 கிலோ, ஆளுக்கு 60 கிலோ வீதம் ஆறு பேருக்கு 360 கிலோ, ஆக மொத்தம் 500 கிலோ. படகு சுமார் 6 அங்குலம் அமிழும். விளிம்பின் உயரம் 18 அங்குலமாயின், நீருக்கு மேல் ஓரடி நிற்கும். இதுவே போதிய காப்பு.

அதே படகிற் பத்துப் பேர் ஏறினால் மொத்தம் 740 கிலோ. சுமார் 9 அங்குலம் அமிழும். அப்போதும் படகு மிதக்கவே செய்யும். அதனாலேயே மக்கள் ஏமாறுகின்றனர். அச்சத்தினால் எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்த கணத்தில் அப்பக்க விளிம்பு நீருக்குள் இறங்கி, படகு நிறைந்துவிடும். ஓட்டுவோர் இருவரும் ஏறுவோர் நால்வரும் என்னும் வரம்பைப் படகின் பக்கத்திற் பெரிய எழுத்தில் எழுதிவைத்தல் நலம்.

வாங்குமுன் சோதிக்க வேண்டியவை

1. அடியின் அகலம் நீளத்தில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாதிருத்தல். ஒருவர் விளிம்போரம் நிற்க, மற்றவர் நடுவில் அமர்ந்து, படகு எவ்வளவு சாய்கின்றது என்று பார்த்தல்.

2. முன்னும் பின்னும் மூடிய மிதவைப் பெட்டிகள் இருத்தல். ஒவ்வொன்றும் 4 கன அடி கொள்ளுமாயின், இரண்டும் சேர்ந்து 220 கிலோவுக்கு மேல் தூக்கி நிறுத்தும். பெட்டி வெற்றாயிராமல் நுரைப்பொருளால் நிறைந்திருத்தல் நன்று. துளைபட்டாலும் நீர் புகாது. இயந்திரம் பூட்டும் படகானால் தெர்மாகோல் ஆகாது. பெட்ரோல் பட்டால் அது கரைந்துவிடும்.

3. ஆழமற்ற குட்டையிற் படகை முழுதும் நீரால் நிரப்பிப் பார்த்தல். நீர் நிறைந்த நிலையிலும் மிதந்து, விளிம்பைப் பற்றிய நால்வரைத் தாங்குமாயின் வாங்கலாம். அடியில் அமிழும் படகை எவ்வளவு மலிவாயினும் விலக்குதல் வேண்டும்.

4. நான்கு ஆட்கள் தூக்கி நூறு கஜம் நடக்கக்கூடிய எடை. மாட்டு வண்டியிலோ டிராக்டர்ப் பெட்டியிலோ ஏறும் அளவு.

5. அடியில் தேய்வைத் தாங்கும் சட்டங்கள்; சுற்றிலும் கைப்பிடிக் கயிறு; முனையிற் கட்டுவதற்கு வலிய வளையம்.

ஓட்டும் முறையும் உபகரணங்களும்

களை மிகுந்த நீரில் துடுப்பைவிட மூங்கிற் கழியே உதவும். 12 அடிக் கழி இரண்டும், துடுப்பு இரண்டும், 100 அடிக் கயிறும், நீர் இறைக்கும் வாளியும், ஏறும் ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டையும் இருத்தல் வேண்டும். இயந்திரத்தின் விசிறியை ஆகாயத்தாமரை சுற்றிக்கொள்ளுமாதலின், அது இல்லாமையே இப்பகுதிக்கு நன்று.

எலி வேலைக்குச் செல்லும்போது ஒருவர் கழியை ஊன்றிப் படகை நிறுத்த, மற்றவர் அமர்ந்தபடியே கிட்டி வைத்தல் வேண்டும். வெள்ளத்தில் முன்செல்பவர் கழியால் நீருக்கடியிலுள்ள சுவரையும் கிணற்றையும் தடவிப் பார்த்துச் செல்லுதல் வேண்டும். ஓடும் நீரில் படகை முனைப்பக்கமாகவே கட்ட வேண்டும். பக்கவாட்டிற் கட்டினால் நீர் ஏறிக் கவிழ்க்கும். பாலம், குழாய்ப் பாலம், கலங்கல் ஆகியவற்றின் மேற்புறத்தில் எக்காரணத்தாலும் குறுக்கே செலுத்தலாகாது. மின்சாரம் நிறுத்தப்பட்டமை உறுதியாகுமுன் தெருவினுட் செல்லுதல் உயிருக்கே கேடு. நீர் உயர்ந்த அளவுக்குக் கம்பிகளும் தலைக்கு அருகாகிவிடும்.

காப்பும் பயிற்சியும்

படகு ஊர்ப் பொதுச் சொத்தாய், கரைக்கு மேட்டில், கூரையின்கீழ், கவிழ்த்து வைக்கப்படுதல் வேண்டும். பூட்டின் திறவுகோல் ஒருவரிடம் மட்டும் இருத்தல் கூடாது. நள்ளிரவில் வெள்ளம் வரும்போது அவர் வெளியூரில் இருக்கக்கூடும். திறவுகோல் இருப்பிடத்தை ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் அறிந்திருத்தல் அவசியம்.

புரட்டாசியில் மழைக்கு முன் ஒருமுறை படகை நீரில் இறக்கி, ஒழுக்கும் கயிறும் பார்த்து, இளைஞர் அறுவருக்கேனும் பயிற்சி அளித்தல் வேண்டும். ஏரி நிறையும் ஐப்பசி முதல் நீர் வடியும் மாசி வரை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கரையின் உட்புறம் முழுவதையும் படகில் சுற்றிவந்து, வளைகளைக் குறித்துக் கிட்டி வைத்தல் வேண்டும். இவ்வாறு மாதந்தோறும் எலிக்காகப் பழகும் படகும் கையுமே, ஒருநாள் வெள்ளம் வரும்போது தடுமாறாது பயன்படும். வெள்ளத்திற்கென்றே வாங்கிப் பூட்டிவைத்த படகோ, ஓட்டத் தெரிந்தவரின்றிக் கிடக்கும்.

ஆகவே, ஏரியையும் ஆற்றையும் அடுத்த ஊரார் தத்தம் நீரின் இயல்பை ஆராய்ந்து, தட்டையடியும், மூழ்காமைக்குரிய மிதவைப் பெட்டியும், நால்வர் தூக்கும் எடையும் உடைய படகொன்றை மழைக்காலத்திற்கு முன்னரே தேடிக்கொள்வாராக. அதற்காகும் செலவு, ஓர் உடைப்பினால் நேரும் நஷ்டத்தில் மிகச் சிறு பங்கே ஆகும்.